உடைவதற்கென்றே ஒரு பின்

அந்த போல்ட் இதை எழுதும்போதும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம், விரலைவிடக் கொஞ்சம் மெலிசு. தலையில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆறு சின்னக் கோடுகள். அமெரிக்காவில் போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. நம் ஊர்க் கடையில் தலையில் 10.9 என்று எண் பொறித்து வருகிற, எளிதில் உடையாத எச்.டி. (ஹை டென்சைல்) போல்ட்டுக்கு இது பங்காளி. நல்ல போல்ட். மரை தேயவில்லை, தண்டு வளையவில்லை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் யாரோ நகத்தால் கீறியதுபோல ஒரு மெல்லிய வரி. அது இருந்த இடத்தில் இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் குற்றம். மூன்று மாதமாக இதைக் கையில் உருட்டிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், டெட்ராய்ட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில். எங்கள் சாலையின் கடைசி வீடு ஒரு பெரியவருடையது. வயது 76. வீட்டுக்குப் பின்னால் அவருக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது, அதில் பாதிக்குமேல் ஆஷ் மரம். அந்த மரங்கள் எல்லாம் செத்துவிட்டன. பச்சையாக மினுமினுக்கிற ஒரு சின்ன வண்டு, அதன் புழு மரப்பட்டைக்கு அடியில் புகுந்து தின்றுவிடுகிறது. 2002-இல் இங்கே டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு இந்த நாட்டில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போய்விட்டன. செத்த ஆஷ் மரம் நிற்பது ஆபத்து. காய்ந்ததும் மொரமொரவென்று ஆகிவிடும், எப்போது எந்தப் பக்கம் முறியும் என்று சொல்ல முடியாது. அறுத்துத் தள்ளினாலும் அடிமரத்தைக் காட்டிலிருந்து வெளியே இழுத்து வர வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய ராணுவ லாரி.

எம்54ஏ2. ஐந்து டன் வண்டி என்பார்கள், அந்த ஐந்து டன் என்பது சாலை இல்லாத இடத்தில் ஏற்றும் சுமைக் கணக்கு. வெறும் வண்டியே ஏறக்குறைய 9 டன் வரும். மூன்று அச்சுக்கும் எஞ்சின் சக்தி போகும். டீசல், மண்ணெண்ணெய், தேவைப்பட்டால் பெட்ரோல் கலந்தும் ஓடுகிற பலஎரிபொருள் எஞ்சின், ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ விசில் அடிக்கும். முன் பம்பருக்குப் பின்னால், சேசிஸ் நீட்டத்துக்கு நடுவில், இரும்புக் கயிற்றை டிரம்மில் சுற்றி 20,000 பவுண்டு இழுக்கிற வின்ச். நம் கணக்கில் 9 டன். தன் எடையைத் தானே இழுத்துக்கொள்ள முடிகிற அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இவர் என்று கை மாறி வந்த வண்டி.

வின்ச் வேலை செய்யவில்லை. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் எஞ்சின் சக்தியைப் பிரித்தெடுக்கிற பி.டி.ஓ.விலிருந்து எஞ்சினை ஒட்டி ரேடியேட்டருக்கு அடியில் புகுந்து வின்ச்சுக்குப் போகிற ஷாஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது, வேறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், குனிந்து படுக்க முடியவில்லை, சனிக்கிழமை வருவாயா என்று கேட்டார். நான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் வளர்ந்தவன் என்பது அவருக்குத் தெரியும். இப்போது கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். பி.டி.ஓ. ஷாஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே கை அரித்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய ஷாஃப்ட்டை வெளியே இழுத்துப் போட்டபோதுதான் முதலில் திக்கென்றது. அது ஒரு இரும்புக் குழாய், கை மணிக்கட்டு தடிமன் இருக்கும். அந்தக் குழாய் நடுவில் துணி பிழிந்தமாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் சாய்வுக் கோடுகளாக உரிந்து, உள்ளே துரு. எஞ்சின் ஒரு முனையைத் திருப்பியிருக்கிறது, மறுமுனையில் இருந்த பாரம் வர மறுத்திருக்கிறது, நடுவில் இருந்த குழாய் இரண்டு பேர் இழுத்த சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி நடக்க வழியே இல்லையே என்று யோசித்தபடி வின்ச் முனைக்கு நகர்ந்தேன். ஷாஃப்ட்டின் முனையில் கவைபோல இருக்கிற யோக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு கோடு தெரிந்தது.

ஷியர் பின் என்ன என்று டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு அது தினப்படி சமாசாரம். மற்றவர்களுக்காக: இந்த வின்ச்சில் ஷாஃப்ட்டின் முன்முனை யோக், வின்ச்சைச் சுழற்றுகிற வார்ம் கியர் தண்டின்மேல் வளையல்போல நுழைந்து உட்காரும். இரண்டையும் குறுக்கே துளைத்துப் போகிற ஒரே ஒரு பின்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. வேறு சாவி கிடையாது, போல்ட் கிடையாது. அந்தப் பின் வேண்டுமென்றே மிருதுவான உலோகத்தில் செய்தது. பாரம் அளவை மீறினால் பின் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு யோக் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். எஞ்சின் சுற்றட்டும், வின்ச் நின்றுவிடும். சரி, அப்போது கயிற்றின் முனையில் தொங்குகிற பாரம் என்ன ஆகும்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். வார்ம் தண்டிலேயே ஒரு பிரேக் இருக்கிறது, பின் உடைந்த நொடியில் பாரம் பின்வாங்காமல் அது பிடித்துக்கொள்ளும். பின் உடையும், உடைய வேண்டும், உடைந்தால் இன்னது நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே முழுசாக நினைத்துப் பார்த்துச் செய்த வேலை. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும். எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு டிரைவர் ஒரு நாள் அவசரத்தில் தப்புச் செய்வான் என்று தெரிந்து, அவனுக்காக ஒருவர் யோசித்திருக்கிறார்.

அந்த இடத்தில் கிரேடு 8 போல்ட். பின் உடைய மறுத்தால் உடைப்பு இல்லாமல் போய்விடாது, வேறு இடம் தேடிக்கொண்டு போகும். இந்த வண்டியில் அது குழாயோடு நின்றது. பி.டி.ஓ. உறை வெடித்திருக்கலாம், கியர் பாக்ஸ் பிளந்திருக்கலாம், எல்லாவற்றையும்விட மோசமாக, இழுவையில் நிற்கிற இரும்புக் கயிறு அறுந்திருக்கலாம். அறுந்த கயிறு எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நகர யாருக்கும் நேரம் கிடைக்காது. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து பெரியவரிடம் போல்ட்டைக் காட்டி, "எவனோ முட்டாள் செய்த வேலை" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த மௌனத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம்

எவனோ முட்டாள் என்று சொன்ன எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல அருகதை இல்லை. 2004-இல் கல்லூரி விடுமுறை, அப்பா ஒரு கல்யாணத்துக்கு அந்தியூர் போயிருந்தார், பட்டறையில் நான் மட்டும். ஆள் வைத்து வாடகைக்கு டிராக்டர் விடுகிற ஒருவர் வந்தார். அப்பாவைவிட மூத்தவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். ரோட்டவேட்டர் ஷாஃப்ட்டில் அன்றைக்கு மட்டும் மூன்றாவது தடவை ஷியர் போல்ட் போய்விட்டது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த நேரம், வயல்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள், மணிக் கணக்குக்கு ஓடுகிற வண்டி, போல்ட் மாற்றுகிற ஒவ்வொரு அரை மணியும் அவருக்கு நஷ்டம். "தம்பி, இது உடையாத மாதிரி ஒண்ணு போட்டுக் குடு சாமி" என்றார். அலமாரியில் இருந்த எச்.டி. போல்ட்டை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து ரோட்டவேட்டர் கியர் பெட்டி வாய் பிளந்து பட்டறைக்கு வந்தது. தென்னை இருந்து வெட்டிய நிலம், மண்ணுக்குள் அடிக்கட்டை இருந்திருக்கிறது. கத்தி அதில் மாட்டியதும் போல்ட் விட்டுக்கொடுக்கவில்லை, வார்ப்பு இரும்பு விட்டுக்கொடுத்துவிட்டது. நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஷாஃப்ட்டைக் கழற்றினார், போல்ட் தலையைத் துணியால் துடைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார், கட்டை இருக்கிற இடம் தெரியாமல் விட்டுவிட்டான் என்று. அப்பா நேராக அவரிடம் போய், "டிரைவர் மேல தப்பில்லீங் மச்சா, எம் பையன் போட்ட போல்ட்டு இது, பெட்டிக்கு நான் பாத்துக்கறன்" என்றார். கியர் பெட்டிக்கு ஆன செலவு அந்த மாசத்துப் பட்டறை வருமானத்தில் பெரும்பகுதி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து பட்டறைக்கு வரும் ஒவ்வொரு ரோட்டவேட்டருக்கும் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் ஐந்து ஷியர் போல்ட் போட்டு, கம்பியால் வண்டியிலேயே கட்டி அனுப்ப ஆரம்பித்தார். சாதாரண போல்ட் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் எவனும் எச்.டி. போல்ட்டைத் தேடிப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு.

போல்ட்டைப் பார்த்த அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை. படம் அனுப்பியிருந்தேன், பெரிசுபண்ணிப் பார்த்திருக்கிறார்.

"குழாய் முறுக்கினது தெரியுது கண்ணு. புதுசு மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்தியா, பின்னு இல்லாம அந்த யோக் கையில சுத்துதா?"

"பாக்கலீங்கப்பா. புளி வெச்ச மாதிரி இறுகி உக்காந்திருக்குது."

"அப்ப நீ தங்கத்துல பின்னு போட்டாலும் பிரயோசனமில்ல. துரு புடிச்சு ஒண்ணா ஒட்டியிருந்தா பின்னு உடைஞ்சாலும் யோக் தண்ட விடாது. அதக் கழட்டிச் சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டு, வளையலு மாதிரி சுத்தோணும். அப்பறந்தான் பின்னு."

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. சரியான பின் வாங்கிப் போட்டு, எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நம்பி, பெரியவர் கையில் கொடுத்திருப்பேன். பின் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் இழுத்திருப்பார். எச்.டி. போல்ட்டாவது ஆறு கோடு போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னது, துருப்பிடித்த யோக் அதுகூடச் சொல்லாது.

"அம்பு பாத்தியா?" என்று கேட்டார் அடுத்து. ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற பல் வெட்டிய இணைப்பான ஸ்ப்லைன் இரண்டு துண்டாகக் கழன்று வரும், திரும்ப நுழைக்கும்போது ஒரு பல் தள்ளி நுழைந்தாலும் இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்காது. யோக்குகளை இணைக்கிற கூட்டல்குறி வடிவ மூட்டுக்கு கிராஸ் என்று பெயர், ஒரு கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், மறுமுனையில் இருக்கிற கிராஸ் அதே சாய்வில், அதே நேரில் இருந்தால்தான் அந்தக் கூடலும் குறைதலும் கழிந்து போகும். தப்பாக இருந்தால் ஒன்றின் ஆட்டத்தோடு இன்னொன்றின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இரண்டு துண்டிலும் அம்புக்குறி குத்தியிருப்பார்கள். பார்த்துவிட்டேன் என்றேன். கடைசியாக, "அந்த போல்ட்ட ஆரு போட்டாங்கன்னு கேட்டியா?" என்றார். தெரியலீங்கப்பா, வண்டி நாலு கை மாறி வந்திருக்குது என்றேன். "போட்டவன் அடுத்தவங்கிட்டச் சொல்லியிருந்தா இந்தக் குழாய் முறுக்கியிருக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். 2004-ஐப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஒரு ஊசி படுத்துக்கொண்டால்

அடுத்த சனிக்கிழமை முழுக்க அந்த யோக்கோடு போராட்டம். துரு இளக்கும் எண்ணெயை ராத்திரியே ஊற்றி ஊறவைத்திருந்தார். சூடு காட்டினோம், தட்டினோம், புல்லர் போட்டு இறுக்கினோம், மறுபடி சூடு. மத்தியானத்துக்குமேல் துப்பாக்கி வெடித்தமாதிரி ஒரு சத்தத்தோடு ஒரு நூல் நகர்ந்தது. அப்புறம் வந்துவிட்டது. தண்டை எமரித் தாளால் தேய்த்தேன், பழுப்பு நிறத் தூள் முகத்திலெல்லாம். வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்து, பின் துளையில் விரல் விட்டுப் பார்த்தால் துளை கொஞ்சம் முட்டை வடிவத்தில் இழுத்திருந்தது. அதை லேத்தில் கொடுத்துச் சரிபண்ணி வர இன்னொரு வாரம் போயிற்று.

வாங்கி வைத்திருந்த ஷாஃப்ட்டுக்குப் புதுக் கிராஸ் போட வேண்டியிருந்தது. கிராஸ் போட்டவர்களுக்குத் தெரியும், நாலு கப்புக்குள்ளும் சுவரை ஒட்டி வரிசையாக ஊசி பேரிங், கிரீஸின் பிடியில் மட்டும் நிற்கும். கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது கிராஸ் கொஞ்சம் சாய்ந்தால் ஒரே ஒரு ஊசி கழன்று கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. கப் ஒழுங்காக உள்ளே போகும், போய், அது நழுவாமல் பிடிக்கிற வளையமான சர்க்கிளிப் உட்கார வேண்டிய பள்ளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் புது ஆளும் பழைய ஆளும் பிரிகிறார்கள். புது ஆள் வைஸை இன்னும் ஒரு சுற்று இறுக்குவான். மூன்றாவது கப்பில் எனக்கு அது நின்றது. இருபது வருஷமாகக் கை படவில்லை என்றாலும் கைக்கு ஞாபகம் இருந்தது, கழற்றினேன். ஊசி குறுக்கே படுத்திருந்தது, நல்ல வேளை முறியவில்லை. பெரியவர் ஒரு கண்ணாடிக் குப்பியில் கெட்டிக் கிரீஸ் கொண்டுவந்து வைத்தார், ஒவ்வொரு ஊசியாக ஒட்டி நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினேன். சர்க்கிளிப் டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக நான் இப்போது செய்யும் வேலையில் எதுவும் இல்லை.

ஷாஃப்ட்டை மாட்டும்போது ஸ்ப்லைனை முழுசாக உள்ளே தள்ளிவிடக் கூடாது. இந்த வண்டியின் சேசிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொண்டு போவதற்கென்றே செய்தது, அப்போது பி.டி.ஓ.வுக்கும் வின்ச்சுக்கும் இருக்கிற தூரம் கூடும் குறையும். ஸ்ப்லைன் முட்டிக்கொண்டு நின்றால் அந்தத் தள்ளல் நேராக பி.டி.ஓ. பேரிங்கில் போய் இறங்கும். இதை முடிக்கும்போது இருட்டிவிட்டது. பின் மட்டும் பாக்கி. ஆறு பின் வாங்கியிருந்தார், சரியான அளவு, சரியான உலோகம். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

19-ஆம் எண் நெடுஞ்சாலை

அவர் வியட்நாமில் இருந்தது எனக்குத் தெரியும், அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. 1969-இல் இருபது வயது. கடற்கரையில் குவி நோன் துறைமுகத்திலிருந்து மலைமேல் பிளைக்கு வரை 19-ஆம் எண் சாலையில் சரக்கு ஏற்றிப் போகிற லாரி அணிகளில் டிரைவர். ஓட்டியது இதே ரக வண்டி. அந்தச் சாலையில் ஆன் கே, மாங் யாங் என்று இரண்டு கணவாய் வரும். 1967 செப்டம்பர் 2 அன்று ஒரு லாரி அணி அங்கே தாக்கப்பட்டதற்குப் பிறகுதான் டிரைவர்களே லாரிகளுக்கு மணல் மூட்டையும் இரும்புத் தகடும் கட்டி, இயந்திரத் துப்பாக்கி ஏற்றிக் காவல் வண்டியாக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு வண்டி இப்போதும் வர்ஜீனியாவில் ஃபோர்ட் யூஸ்டிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம், உள்ளே ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை என்றார்.

மழைக்காலம். முன்னால் போன லாரி சாலையோரச் சேற்றில் சரிந்துவிட்டது, இவர் வண்டியில்தான் வின்ச். இழுத்தார், பின் உடைந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் உடைந்தது. இருந்த பின்கள் தீர்ந்துவிட்டன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இருட்டினபிறகு அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. கருவிப் பெட்டியில் கிடந்த ஒரு கெட்டி போல்ட்டை எடுத்து அந்தத் துளையில் நுழைத்தார். வின்ச் இழுத்தது, லாரி மேலே வந்தது, எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். "மறுபடி அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் முகாமுக்குப் போய் அந்த போல்ட்டை எடுக்க மறந்துவிட்டேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து இவருக்குக் காய்ச்சல், வண்டியை வேறு ஒரு பையன் எடுத்துப் போனான். அவனும் எதையோ வின்ச்சால் இழுத்திருக்கிறான். பின் உடையும் என்று நம்பித்தான் இழுத்திருப்பான். கயிறு அறுந்துவிட்டது.

அவன் உயிரோடு ஊர் திரும்பினான், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, அவ்வளவுதான் சொன்னார். அந்த போல்ட்டைப் போட்டது நான்தான் என்று அவனிடம் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் அவரே தலையை இல்லை என்பதுபோல ஆட்டினார். அப்புறம் என் சட்டைப்பையைக் காட்டி, "அதைப் போட்டவனை முட்டாள் என்று சொன்னாய். அவன் எந்த மழையில் நின்றிருந்தானோ" என்றார்.

இதுதான் எனக்கு அடங்காமல் கிடக்கிற விஷயம். அதுவரை எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. மிருதுவான பின் சரி, கெட்டி போல்ட் தப்பு, அப்பா சரி, நான் தப்பு. இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்தச் சாயங்காலம் கணவாயில் அவர் செய்ததைத் தப்பு என்று மிச்சிகனில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்வது? வாய்க்கால் தண்ணீர் நின்றுபோவதற்குள் உழுதாக வேண்டும் என்று நின்ற மாமாவின் அவசரமும் பொய் அவசரம் இல்லை. கெட்டி போல்ட் போட வேண்டிய நேரம் என்று ஒன்று வாழ்க்கையில் வரத்தான் செய்கிறது என்று இப்போது நம்புகிறேன். போட்டவனுக்கு மட்டும் அது தெரியும். அடுத்து வருகிறவன் பின் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருவான். 2004-இல் அந்த நாலு நாளும் மாமா பட்டறை வழியாகத்தான் தினமும் போய்வந்தார், எனக்குக் கை காட்டிவிட்டுப் போவார். கடினமான வயலுக்குப் போனால் பார்த்து ஓட்டுங்கள், நான் போட்டது ஷியர் போல்ட் இல்லை என்று சொல்ல எனக்கு நாலு நாள் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தோன்றியது. மூன்றாம் நாள் தோன்றியது. பாராட்டு போய்விடுமே என்று சொல்லாமல் இருந்தேன். பெரியவர் தலையை ஆட்டியபோதுதான் எனக்கு அந்த மூன்றாம் நாள் ஞாபகத்துக்கு வந்தது.

ஒத்திகை

நவம்பர் கடைசியில் தரை இறுகியதும் இழுத்துப் பார்த்தோம். கிளட்சை மிதித்து, கியர் நியூட்ரலில் இருக்க, பி.டி.ஓ. லிவரைத் தள்ளி, கிளட்சை மெதுவாக விட்டார். படுத்தபடி தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், புது ஷாஃப்ட் ஆட்டமில்லாமல் சுற்றியது. கயிற்றின்மேல் பழைய கனமான கம்பளி ஒன்றைப் போட்டோம், அறுந்தால் வேகத்தைக் கொஞ்சமாவது தின்னும். நான் கயிற்றின் நேரில் இல்லாமல் நன்றாகத் தள்ளி நின்றேன். முதல் மரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, அடிமரம் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமன், வழியில் ஒரு கட்டையில் முட்டி நின்றது. கயிறு விறைத்தது. முன் சக்கரத்துக்குக் கீழே வைத்த கட்டை முனகியது. அப்புறம் டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம், விசிலடிக்கிற எஞ்சினுக்கு நடுவில் கேட்டதே ஆச்சரியம். ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, டிரம் நின்றுவிட்டது, கயிறு விறைத்த விறைப்பு குறையவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இறங்கி வந்து, யோக்கைக் கையால் திருப்பித் துளைகளை நேர்ப்படுத்தி, மெல்லிய பஞ்ச் கம்பியால் உடைந்த பின்னின் நடுத்துண்டைத் தட்டி வெளியே தள்ளினார். நான் செய்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை, அந்த வயதில் அந்தக் குளிரில் பம்பருக்கு அடியில் முழங்காலிட்டு அவரேதான் புதுப் பின்னை நுழைத்து ஸ்ப்ளிட் பின்னை வளைத்தார். கட்டையை அறுத்து வழியை விட்டு, கப்பி போட்டு இரட்டை இழுவையாக இழுத்ததும் மரம் தகராறு இல்லாமல் வந்துவிட்டது.

மாலை கிளம்பும்போது கேபினுக்குள் எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே காபித் தூள் தகர டப்பா ஒன்று கம்பியால் கட்டியிருந்தது, அப்பா கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். உள்ளே நாலு பின். டப்பா மூடியில் வெள்ளைப் பெயின்டால் பின்னின் அளவும், அதற்குக் கீழே அவர் பெயரும், வேறு எதையாவது இதில் போட்டால் அடுத்த ஆளிடம் சொல் என்றும் எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை, விரல் பட்டு ஒரு எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். பின் உடைந்ததைச் சொன்னேன், பிரேக் பிடித்ததைச் சொன்னேன். அப்புறம் அந்த மாமாவின் நம்பர் வேண்டும் என்றேன். "எதுக்கு கண்ணு இப்ப?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் லைனில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அம்மாவிடம் டைரியை எடுத்து வரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.